தீர்ப்பு வந்தது, தண்ணீர் வரவில்லை

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும் சுற்றுச்சூழல் பாடத்தில் வேலூரின் பெயர் இருக்கும். 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் எதிர் இந்திய ஒன்றியம்' என்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும். கேடு வரும் என்று தெரிந்தால் முழு ஆதாரமும் கைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். 'என் தொழிலால் கேடில்லை' என்று நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்துபவரின் பொறுப்பு. இவையெல்லாம் இந்த நாட்டின் சட்டம்தான் என்று அறுதியிட்டுச் சொன்னது அந்தத் தீர்ப்பு. டெல்லியிலும் கொல்கத்தாவிலும் தேர்வெழுதும் பிள்ளைகள் அதை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

எந்தத் தண்ணீருக்காக வழக்குப் போட்டார்களோ அந்தத் தண்ணீர் இன்றும் கரிக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிற்சாலைகளை ஒட்டியிருக்கும் ஊர்களில் 'நல்ல தண்ணி' என்றால் கேனில் வருவது, இல்லையென்றால் காவிரியிலிருந்து குழாயில் வருவது. வீட்டுக் கிணற்றில் கிடப்பது உப்புத் தண்ணி. துணி துவைக்கலாம், சோப்பு நுரைக்காது.

2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், அதே பாலாறு, அதே தோல் கழிவு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் இருபத்தெட்டு ஆண்டுகள். வென்ற வழக்கு ஏன் தண்ணீராக மாறவில்லை?

மணலுக்குள் ஓடும் ஆறு

பாலாற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்துவிட்டு 'இது செத்த ஆறு' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த ஆற்றின் இயல்பு தெரியாது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. மேலே ஓடுவது மழைக்காலத்தில் சில நாட்கள்தான். மற்ற நாளெல்லாம் நீர் மணலுக்கு அடியில் இருக்கும். அந்த மணலைக் கீறி ஊற்றுக்கால் வெட்டித்தான் கரையோரத்து ஊர்கள் ஏரிகளை நிரப்பின, நெல் விளைவித்தன. நகராட்சிகள் ஆற்றுக்குள்ளேயே கிணறு இறக்கிக் குடிநீர் எடுத்தன.

வற்றாமல் ஓடும் ஆற்றில் கழிவைக் கொட்டினால் ஒரு பகுதியையாவது வெள்ளம் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். பாலாற்றில் கொட்டுவது எங்கும் போகாது. மணலில் இறங்கும், நிலத்தடி நீரில் கலக்கும், கரையோரத்துக் கிணறுகளுக்குப் பரவும். இங்கே ஆறும் கிணறும் வேறு வேறல்ல. ஆகவே இந்த ஆற்றுக்கு ஒருமுறை நேர்ந்த கேடு தலைமுறைக் கணக்கில் நிற்கும். கழிவுக் கால்வாயை இன்று அடைத்தால்கூட நேற்று இறங்கிய உப்பு கீழேயேதான் இருக்கும்.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது? பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பில் புதைத்து அனுப்புவார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்பு, முடி நீக்கம், சதை சீவல், அமிலமும் உப்பும் சேர்ந்த ஊறல், அதன் பின் குரோமியம். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, சுமார் 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன என்று 1996 தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது.

இந்தத் தொழில் இங்கே நூறாண்டுக்கும் மேற்பட்டது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்டார்கள். அந்தக் கழிவும் நாறும். உப்பும் சுண்ணாம்பும் அதிலும் உண்டு. ஆனால் குரோமியம் இல்லை, அளவும் சிறிது. மாறியது 1970-களில். 1972-இல் சீதாராமையா குழு அறிக்கை கொடுத்தது. பச்சைத் தோலையும் அரைப்பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுக்கப் பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் விற்றால் அந்நியச் செலாவணி பெருகும் என்றது. அரசு ஏற்றது. செலாவணி பெருகியது, வேலை பெருகியது, குரோமியப் பதனிடலும் பெருகியது. கழிவு எங்கே போகும் என்ற கேள்வியை மட்டும் அந்தக் கொள்கையில் யாரும் எழுதிவைக்கவில்லை. பாலாற்றின் கதையைத் தொழிலதிபர்களின் பேராசைக் கதையாக மட்டும் சொல்வது எளிது. அரசு தானே போட்டுக்கொடுத்த பாதை இது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆற்றிலோ கிணற்றிலோ நச்சுக் கழிவை விடுவது குற்றம் என்று அதன் 24-ஆம் பிரிவு சொன்னது. 1989-இல் தமிழ்நாடு அரசு, ஆறு, ஏரிகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த தொழில்களைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்று ஆணையிட்டது. 1998-இல் பாலாறு, காவிரி, வைகை, தாமிரபரணி போன்ற ஆறுகளுக்கு அந்த எல்லையை ஐந்து கிலோமீட்டராக நீட்டியது. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கிணறுகளை எண்ணியவர்கள்

வேலூர்க்காரர்களின் மனு 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வாதாடியவர் எம்.சி.மேத்தா. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு விசாரித்தது. அன்றைய வட ஆர்க்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, செங்கல்பட்டு என ஐந்து மாவட்டங்களில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பத்தாண்டுகளாக 'சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்தது. அரசு மானியமும் தருவதாகச் சொல்லியிருந்தது. பெரும்பாலோர் அசைந்து கொடுக்கவில்லை.

அந்த வழக்கை நகர்த்தியது கோபமோ முழக்கமோ அல்ல, கணக்கு. வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தது. திண்டுக்கல் பக்கம் ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமங்களில் ஏறி இறங்கிக் கிணறுகளை எண்ணியது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குள் ஏறி உட்கார்ந்த எண் அது. 'எங்கள் ஊர்த் தண்ணீர் கெட்டுவிட்டது' என்று ஆயிரம் மனு கொடுத்தாலும் வராத பலம் 350 என்ற ஒற்றை எண்ணுக்கு வந்தது. நீர்நிலைக்காகப் போராடும் எவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தீர்ப்பு கடுமையாகவே வந்தது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடு தேதிக்குள் சுத்திகரிப்பு வசதி செய்யாதவை மூடப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களையும் இழப்பையும் கணக்கிட்டு, அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கத் தனி ஆணையம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 'பசுமை அமர்வு'.

ஆணையம் அமைந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமை. ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்து 2001 மார்ச் 7 அன்று உத்தரவு போட்டது: வேலூர் மாவட்டத்தில் 547 டேனரிகள் சேர்ந்து 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் தர வேண்டும்.

அதை வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். இன்று ஒரு கேன் தண்ணீர் 35 ரூபாய் என்று வைத்து, நாளுக்கு ஒன்று வாங்கினால், அந்தப் பணம் ஒன்பது மாதம்கூட வராது. கிணறு போனது போனதுதான். அந்தத் தொகையாவது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. விடுபட்டவர்களுக்காக 2009-இல் இன்னொரு உத்தரவு தேவைப்பட்டது; இரண்டிலும் நிலுவை இருந்ததால்தான் 2025-இல் 'ஆறு வாரத்துக்குள் கொடுத்து முடியுங்கள்' என்று உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சொல்ல நேர்ந்தது.

பொதுப்பணம் வேறு கணக்கில் போனது. ஊற்றுகள் கைவிட்ட பிறகு மேட்டூருக்குக் கீழே காவிரியிலிருந்து வேலூர் வட்டாரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். செலவு சுமார் 1,300 கோடி. தோல் கழிவு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். மணல் கொள்ளை பாலாற்றின் வயிற்றையே சுரண்டிவிட்டது. மேல்மாநிலத் தடுப்பணைகளும் உண்டு. ஆனாலும் மாசுபடுத்தியவர்கள் கட்ட வேண்டியிருந்தது 26.82 கோடி, ஊரார் வரிப்பணத்தில் போனது அதைப்போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு என்னும்போது, 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற வாசகம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

படியாத உப்பு

வழக்குப் போட்ட பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் பொய். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஊருக்கு ஊர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கட்ட முடியாத சில டேனரிகள் மூடின. குரோமியத்தைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை வந்தது. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று முறைகளைத் தேடிக்கொண்டே இருக்கிறது. முன்போல் கறுப்புத் தண்ணீர் பகிரங்கமாகக் கால்வாயில் ஓடுவது குறைந்திருக்கிறது.

சிக்கல் உப்பில். சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் குரோமியத்தைச் சேறாகப் படியவைக்கும், அழுகும் பொருளை நுண்ணுயிர்களிடம் கொடுத்துத் தின்னவைக்கும். கரைந்த உப்பு படியாது, அழியாது. தெளிந்த நீரோடு வெளியே வரும், கிணற்றுக்குள் போகும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. சுத்திகரித்து வெளியே விடும் கழிவுநீருக்கு வாரியம் வைத்த வரம்பே 2,100. ஆக, விதியை முழுக்க மதிக்கும் தொழிற்சாலையும் குடிக்கத் தகாத நீரை வெளியே விடலாம். நிலத்தடி நீரே குடிநீராக இருக்கும் வட்டாரத்துக்கு இப்படி ஒரு வரம்பு வைத்தபோதே தோல்வி எழுதப்பட்டுவிட்டது.

பின்னாளில் 'ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது' என்ற விதி வந்தது. எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பாக்குகிறார்கள். விறகும் மின்சாரமும் நிறைய வேண்டும். கடைசியில் மிஞ்சுவது எதற்கும் உதவாத கலப்பு உப்பு. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். செலவு கூடக் கூட, இரவிலும் மழையிலும் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் ஆசையும் கூடும். மழை வலுத்தால் ஆம்பூர் அருகே மாராப்பட்டுப் பக்கம் பாலாற்றில் நுரை பொங்குவதாகச் செய்தி வருவது பத்திரிகை வாசிக்கும் எல்லோருக்கும் பழகிவிட்டது.

சேறும் சும்மா இருக்காது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். அதே ராணிப்பேட்டையில் 1995-வாக்கில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றின் கழிவு, ஒன்றரை லட்சம் டன் அளவுக்கு, கால் நூற்றாண்டு கடந்தும் திறந்தவெளியில் குன்றாகக் கிடந்தது. நச்சு மிகுந்த அறுஇணைதிறன் குரோமியம் கலந்த கழிவு அது. ஒவ்வொரு மழையும் அதைக் கழுவிக் கீழே இறக்கியது.

தொழிலை மூடிவிட்டால் தீர்ந்ததா? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் விடிகாலையில் செருப்புக் கம்பெனி வண்டிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறிப்போகிறார்கள். கிணறு கெட்டு விவசாயம் போன வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளம் தருவதும் அதே தோல்தான். சங்கடமான உண்மை இது. இதைத் தாண்டிப் போகிற கொள்கைதான் வேண்டும், இதை மறைக்கிற கொள்கை வேண்டாம்.

நொய்யல் சொன்னது

திருப்பூரில் கதை வேறு மாதிரி நடந்தது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயத் தொட்டியாகிவிட்டது. 'பாசனத்துக்குத் தண்ணீர் திறக்காதீர்கள்' என்று விவசாயிகளே கெஞ்சிய அணை உலகத்தில் வேறெங்காவது உண்டா, தெரியவில்லை. கீழ்ப்பாசன விவசாயிகளின் சங்கம் நீதிமன்றம் போனது. 2006-இல் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கமாக இதோடு கோப்பு மூடிவிடும். அந்த விவசாயிகள் விடவில்லை. உத்தரவு மதிக்கப்படவில்லை என்று அவமதிப்பு வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகுதான் அரசுப் பணமும் முதலாளிகள் பணமும் சேர்ந்து, உப்பு நீரைப் பிரித்து மறுபடி சாயமேற்றவே பயன்படுத்தும் முறை நிலைத்தது. சாயத்துக்கு உப்பு வேண்டும் என்பதால் அங்கே அது செல்லுபடியானது. தோலில் மிஞ்சும் கலப்பு உப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நொய்யல் இன்னும் முழுக்கத் தேறவில்லை. திருட்டுப் பட்டறைகள் ஒழியவில்லை. என்றாலும் வேலூருக்கும் திருப்பூருக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படுகிறது. அங்கே தீர்ப்புக்குப் பிறகும் விவசாயிகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். இங்கேயும் வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு போன்றவர்கள் ஓயாமல் முட்டியிருக்கிறார்கள். 2025 வழக்கே அவர்கள் போட்டதுதான். ஆனால் கண்காணிக்கும் வேலையில் பாதிக்கப்பட்ட மக்களுக்குச் சட்டப்படி இடம் கொடுக்கவில்லை.

இனி கேட்க வேண்டியது

நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலாவும் ஆர்.மகாதேவனும் எழுதிய 2025 தீர்ப்பு இந்த ஓட்டையைக் கண்டுகொண்டது. முதலில் அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு. அதில் அதிகாரிகளோடு நிபுணர்களும் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும். வழக்கை முடித்துவிடாமல் திறந்தே வைத்துத் தொடர்ந்து மேற்பார்வை. 1996-இல் உச்ச நீதிமன்றம் மேற்பார்வையை உயர் நீதிமன்றத்திடம் விட்டுவிட்டது; இந்த முறை தானே வைத்துக்கொண்டது. இருபத்தெட்டு ஆண்டுப் பாடம் அதில் இருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு காற்று வீசுகிறது. நீர்நிலையில் நச்சைக் கலந்தால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறாண்டு வரை சிறை என்று இருந்ததை, 2024 திருத்தச் சட்டம் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. முதலில் இமாச்சலம், ராஜஸ்தான், ஒன்றியப் பிரதேசங்களுக்கு. மற்ற மாநிலங்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு ஏற்றால் அங்கேயும் வரும். சிறைக்குப் போன டேனரி முதலாளிகள் நிறையப் பேர் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் அபராதத்தை உற்பத்திச் செலவில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம், சிறையை எழுத முடியாது. தமிழ்நாடு இந்தத் திருத்தத்தை ஏற்கக் கூடாது. ஏற்காதே என்று சட்டமன்ற உறுப்பினர்களிடம் சொல்ல வேண்டியவர்கள் வேலூர், திருப்பூர், ஈரோடு மாவட்டத்துக்காரர்கள்.

தோல், சாயத் தயாரிப்பு போன்ற 17 வகைத் தொழில்களில் இணையவழிக் கண்காணிப்புக் கருவி வேண்டும் என்பது 2014 முதல் நடைமுறை. அளவுகள் வாரியத்துக்குப் போகின்றன. ஊராட்சி அலுவலக வாசலில், தமிழில், அன்றன்றைக்கு அவை எழுதிப்போடப்பட வேண்டும். கிணற்றுக்கு உரியவனைவிடக் கழிவின் அளவு தெரிய வேண்டியவன் வேறு யார்? தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்கக் கெடு ஐந்தாண்டு. மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு ஆறே மாதம். தண்ணீர் எப்போது கெட்டது என்று தேதி போட்ட காகிதம் இல்லாதவர்களை அந்தக் கெடு வெளியே நிறுத்திவிடும்.

அந்தக் காகிதத்தை நம் கையாலேயே உண்டாக்க முடியும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சியும் கருவிப் பெட்டியும் தர வேண்டும் என்று இருக்கிறது. குளோரைடும் கடினத்தன்மையும் அதிலேயே தெரிந்துவிடும். குரோமியத்துக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் போக வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள், அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். உங்கள் ஊர்க் கிணறு ஆற்றோரமோ ஆலையோரமோ இருந்தால், அடுத்த சபைக்கு முன்பே தண்ணீரைச் சோதித்து, வந்த எண்ணைச் சபையில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு எழுதவைத்து, நகல் வாங்கி வீட்டில் வையுங்கள்.